குரங்கு பெருகவில்லை, இடம் சுருங்கியது

“குரங்குங்க பெருத்துப் போச்சு. ருசி கண்டுடுச்சு. பிடிச்சுக்கிட்டுப் போய் மலையில விடுங்க.”

மூங்கில்துறைப்பட்டிலும் அதைச் சுற்றிய தென்பெண்ணைக் கரை ஊர்களிலும் விவசாயிகள் கூடிப் பேசும் இடங்களில் இந்த மூன்று வாக்கியங்களும் தவறாமல் வந்துவிடும். சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கமும் இதே பேச்சுதான். இப்போது இது மறுபேச்சே இல்லாத உண்மையாக நிலைபெற்றுவிட்டது. மனு எழுதுகிறவர் இதை எழுதுகிறார், வாங்குகிறவரும் இதையே நம்புகிறார். மூன்றுமே தவறு என்பது என் வாதம். முதலாவது கணக்கில் தவறு. இரண்டாவது காரணத்தில் தவறு. மூன்றாவது நியாயத்திலேயே தவறு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விவசாயியின் நட்டம் பொய்யில்லை. மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையில் ஒரு குரங்குக் கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்பது வரப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். செடியை அடியோடு பிடுங்கும். வேரை உதறி மண்ணைக் கொட்டும். முற்றிய காயாகப் பார்த்துப் பல்லால் உடைத்து, பருப்பைக் கன்னத்துப் பைக்குள் அடக்கிக்கொள்ளும். பிஞ்சும் பூவுமாக இருக்கும் செடியை அப்படியே எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். தின்றதைவிடப் பாழாக்கியதுதான் அதிகமாக இருக்கும். மக்காச்சோளத்தில் கதிரை ஒடிக்கும், தென்னையில் குரும்பையைத் திருகிப் போடும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் காவலுக்கும் ஆள் வைத்தால் கையில் மிச்சம் ஏது? இந்தக் கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. ஆனால் கோபம் நியாயமானது என்பதால் அது சொல்லும் காரணமும் சரியாகிவிடாது. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் மருந்தும் தவறாகத்தான் போகும். அதனால் நட்டப்படப் போவதும் அதே விவசாயிதான்.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். குரங்குகள் பெருத்துவிட்டனவா?

நம் ஊர்களில் திரிவது தலையில் தொப்பி வைத்தாற்போல் முடி படர்ந்த நாட்டுக்குரங்கு. உலகத்தில் இந்த இனம் தென்னிந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. வட இந்தியாவில் காணும் செம்முகக் குரங்கு வேறு இனம். நாட்டுக்குரங்குகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மேவா சிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மைசூர் வட்டாரத்தில் எடுத்த கணக்கு 2017இல் வெளியானது. முன்பு கணக்கெடுத்த அதே வழித்தடங்களில் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். 25 ஆண்டுகளில் குரங்குகள் 65 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தன. அழிவு அபாயம் குறைந்த இனம் என்று பட்டியலில் இருந்த நாட்டுக்குரங்கை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இப்போது அழியத்தக்க நிலையில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றியிருக்கிறது. புலிக்கும் யானைக்கும் இடம் தந்த அட்டவணை அது.

குறைந்துவருகிற ஒரு பிராணி பெருகிவிட்டதாக நம் கண்ணுக்குத் தெரிவது ஏன்? அந்த ஆய்வே விடை சொல்கிறது. நாட்டுக்குரங்கு அடர்காட்டில் மட்டும் வாழ்ந்த விலங்கில்லை. சாலையோரத்து ஆலும் அரசும் புளியும் நாவலும்தான் அதன் ஊர். ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று பழுக்கும். இப்படி மரம் மாறி மரம் போய் ஆண்டு முழுவதும் வயிறு நிரப்பிக்கொண்ட கூட்டங்கள் அவை. சாலைகளை இருவழியாகவும் நான்குவழியாகவும் அகலப்படுத்தியபோது அந்த மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மைசூர் வட்டாரத்தில் குரங்குகள் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் காட்டும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலும் புளியமர நிழலில் போன சாலைகள் எத்தனை மொட்டையாகிவிட்டன என்பதை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் விரல்விட்டுச் சொல்வார். மரம் போன இடத்தில் குரங்கு மிஞ்சுவதில்லை. மிஞ்சிய சில, கோயில் மதிலிலும் டீக்கடைக் கூரையிலும் பேருந்து நிறுத்தத்திலும் குப்பைமேட்டிலும் வந்து ஒண்டுகின்றன. பத்து மைல் நீளத்துக்குப் பரவியிருந்தவை ஒரு முக்கில் வந்து குவிந்தால் பார்ப்பவருக்குக் கூட்டம் பெருத்ததாகத்தான் தோன்றும்.

இந்தக் கண்மயக்கம் நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் கோலாவைப் பாருங்கள். தைலமர இலையை நம்பி வாழும் பிராணி அது. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றில் கோலா அழியும் ஆபத்தில் இருப்பதாக 2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசே அறிவித்தது. அதே நாட்டின் தென்கோடியில், விக்டோரியா மாநிலத்தின் ஓட்வே முனையிலோ கோலாக்கள் அளவுக்கு மீறிவிட்டதாகச் சொல்லப்பட்டது. மரங்களை இலையில்லாமல் மொட்டையடித்துவிட்டுப் பட்டினியில் நலிந்த கோலாக்களில் 686ஐ அதிகாரிகள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஊசி போட்டுக் கொன்றார்கள். வெளியில் தெரியாமல் நடந்த அந்த வேலை 2015இல்தான் செய்தியானது. ஒரே பிராணி ஓரிடத்தில் அழிகிறது, இன்னோரிடத்தில் அளவுக்கு மீறுகிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் சில துண்டுகளில் விலங்கு அற்றுப்போகும், சில துண்டுகளில் வெளியேற வழியின்றி நெருக்கியடிக்கும். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்வே முனையின் அந்தக் கோலாக்கள், 1980களில் வேறிடத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. பிடித்து வேறிடத்தில் விடுவதையே தீர்வாக நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

“அப்படியொன்றும் துன்பப்படுகிற மாதிரித் தெரியவில்லையே, கொழுகொழுவென்றுதானே இருக்கின்றன” என்பார்கள். பிராணியின் துன்பத்தை அதன் முகத்தில் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை இது. கோலாவின் கதை இதையும் உடைக்கிறது. ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் அந்தப் பிராணியைப் போல் சாந்தமான முகம் வேறெதற்கும் இல்லை. ஆனால் அதன் புழுக்கையை எடுத்து மன அழுத்தச் சுரப்பின் அளவைச் சோதிக்கும் ஆய்வுகளை எட்வர்ட் நாராயண் போன்ற அறிவியலாளர்கள் நடத்தியிருக்கிறார்கள். நிலம் அழிப்பு, வாகன மோதல், நாய்க்கடி, வெப்ப அலை என்று நெருக்கடி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போது உடல் உள்ளுக்குள் தளர்கிறது என்பதை அந்த ஆய்வுகள் எடுத்துக் காட்டியிருக்கின்றன. இந்தச் சுரப்பு ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பது. மரத்திலிருந்து இறங்கி ஓட வைப்பதும், எதிர்த்து நிற்க வைப்பதும் அதுதான். நாள் முழுக்க, மாதக்கணக்கில் ஓயாமல் சுரந்தால் அதுவே நோய் எதிர்ப்பைக் குலைக்கும், இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். முதுகெலும்புள்ள விலங்குகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையில் இதுதான் விதி. நாட்டுக்குரங்கும் அதற்கு விலக்கில்லை.

சாலையோரத்துக் கூட்டம் ஒன்றைக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். கார் ஒன்று நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது, ஒரு வாழைப்பழம் விழுகிறது. பெரிய கடுவன் பாய்ந்து எடுக்கிறது. குறுக்கே வந்த பெட்டை கடிவாங்கிக் குட்டியை வயிற்றில் இடுக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு நடுவே ஓடுகிறது. எதிரே லாரி. காட்டில் ஒரு அத்திமரம் பழுத்தால் கூட்டம் முழுவதும் கிளைக்கொன்றாகப் பிரிந்து உட்கார்ந்து தின்னும். ஒற்றைப் பழம் தரையில் விழும் இடத்தில் சண்டை மட்டுமே மிஞ்சும். அதை நாம் குரங்குச் சேட்டை என்று படம்பிடிக்கிறோம். கூட்டத்துக்குள் ஒழுங்கு குலைந்ததன் அடையாளம் அது.

இரண்டாவது வாக்கியம்: ருசி கண்டுவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது. பிஸ்கட்டும் பொரியும் சோறும் குறைந்த அலைச்சலில் நிறைந்த சக்தி தருபவை. அவை கிடைக்கும் இடத்தை எந்த விலங்கும் விட்டுப் போகாது. தீனி குறையாமல் கிடைக்கும் கோயில் வளாகத்தில் குட்டிகளும் கூடுதலாகப் பிழைக்கும். ஆனால் அந்த ருசியைக் காட்டியவர் யார்? அனுமார் என்று கும்பிட்டுப் பழத்தை நீட்டியவர்களும், பிள்ளைக்கு வேடிக்கை காட்ட முறுக்குப் பொட்டலத்தை எறிந்தவர்களும், ஓட்டல் எச்சிலை மூடாத தொட்டியில் கொட்டியவர்களும்தான். புண்ணியம் என்று எண்ணி ஒருவர் கொடுத்த கைப்பிடிச் சோற்றுக்கான விலையைப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைக்காரர் கட்டுகிறார். பக்தி உண்மையானால் குரங்குக்குச் சோறு போடாதீர்கள். ஒரு அரசங்கன்று வையுங்கள். பழக்கிய தீனியைவிடப் பழுத்த மரமே அதற்கு நல்லது செய்யும்.

மலையிலும் அதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நம் பக்கத்துக் கல்வராயன் மலையின் காடு கடுக்காயும் நெல்லியும் நாவலும் ஆலினமும் கலந்த காடு. அதன் சரிவுகளில் பல இடங்கள் மரவள்ளிக்கு மாறிவிட்டன. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் நாட்டுமரக் கன்று தலையெடுக்காது. கீழே வட மாவட்டங்களின் சமவெளிக் காப்புக்காடுகளில் தைலமரத்தை ஒரே இனமாக நிரப்பிவைத்தோம். ஆஸ்திரேலியாவில் தைலமர இனங்கள் 700க்கு மேல் உண்டு. அவற்றில் சில டஜன் இனங்களின் இலையைத்தான் கோலா தின்னும். அந்தச் சில இனங்கள் கலந்து நிற்கும் காடு போனதால்தான் தைலமரத்தின் தாய்நாட்டிலேயே அது தவிக்கிறது. அப்படியிருக்க, நம் குரங்குக்குத் தைலத் தோப்பில் என்ன கிடைக்கும்? ஒரு பழம் கிடைக்காது. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் விலங்குக்குக் காடாகிவிடாது. மேலே காட்டில் பழமில்லை, கீழே சாலையில் மரமில்லை, நடுவில் இருப்பது மக்காச்சோளமும் மல்லாட்டையும். குரங்கு எங்கே இறங்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மூன்றாவது வாக்கியம்தான் மோசமானது: பிடித்து மலையில் விடு.

பிடிப்பது எப்படி என்று பாருங்கள். வாழைப்பழமும் கடலையும் வைத்த இரும்புக் கூண்டு. அதில் ஒரு கூட்டம் முழுவதும் ஒருசேர அகப்படுவதில்லை. சில உள்ளே, சில வெளியே. நாட்டுக்குரங்கில் பெட்டைகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிப்பவை. தாய், மகள், பேத்தி என்ற உறவின்மேல் கட்டப்பட்டது அதன் சமூகம். கூண்டு அந்தக் கட்டை நடுவில் அறுக்கிறது. வண்டியில் ஏற்றி இறக்கிவிடும் இடத்தில் எந்த மரம் எப்போது பழுக்கும், நீர் எங்கே, பாறை இடுக்கு எங்கே என்று எதுவும் அதற்குத் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருக்கும் கூட்டம் அதை விரட்டும். விரட்டப்பட்டது அடுத்த ஊரைத் தேடி இறங்கும். பிடித்த இடமும் காலியாகவே இருந்துவிடாது. தீனி அப்படியே இருக்கும்வரை பக்கத்துக் கூட்டம் வந்து நிரப்பும்.

இது வெறும் ஊகமில்லை. தில்லி உயர்நீதிமன்றம் 2007இல் நகரத்துக் குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்தில் விடச் சொன்னது. அங்கே கொண்டுபோய் விடப்பட்டவை 20,000க்கும் மேல். சரணாலயத்தில் போதிய உணவில்லாததால் அரசே தீனி போட வேண்டியிருந்தது. இன்றும் தில்லி அலுவலகங்களில் குரங்குத் தொல்லை தீரவில்லை. கருத்தடையாவது தீர்க்குமா? இமாசலப் பிரதேசத்தில் 2007 வாக்கில் தொடங்கி ஒன்றரை லட்சம் குரங்குகளுக்கு மேல் கருத்தடை செய்தார்கள். 2004இல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1.36 லட்சமாக இறங்கியது. இறங்கிய பிறகும் பயிர்ச்சேதப் புகார் ஓயவில்லை. பல வட்டங்களில் அவற்றைப் பயிரழிக்கும் விலங்கு என்று அறிவித்துக் கொல்ல அனுமதி தர வேண்டிவந்தது. எண்ணிக்கைதான் சிக்கல் என்றால், எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்த இடத்தில் சிக்கலும் பாதியாகியிருக்க வேண்டுமே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. மலையில் விடு என்றால், மலையில் யார் இருக்கிறார்கள்?

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1976வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மக்கள். அவர்களுடைய வாழ்நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்க வேண்டிய நிலையில்தான் இன்னமும் இருக்கிறார்கள். சாலைக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் போராடும், அந்த மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கத்து விவசாயிக்கும் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பலாவும்தான் வாழ்வு. சமவெளியில் நமக்குத் தொல்லையான விலங்கை அவர் கொல்லையில் இறக்கிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நாம் கைகழுவலாமா? மூங்கில்துறைப்பட்டு விவசாயியின் மல்லாட்டை மட்டும் பயிர், வெள்ளிமலை விவசாயியின் மரவள்ளி பயிரில்லையா? மலையென்றால் ஆளில்லாத வெற்றிடம் என்று எண்ணும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். இந்தக் கோரிக்கை பக்கத்து வீட்டு வாசலில் குப்பை கொட்டுவதற்குச் சமம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்க மாநிலத்தின் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். ஊராட்சித் தீர்மானமோ, பணம் திரட்டிப் பிடிகாரரை அழைத்துவருவதோ அதற்கு ஈடாகாது. மனிதரைக் கடித்துப் பழகிய தனிக்குரங்கைப் பிடிக்க வேண்டிய நேரம் வரலாம். அதை அந்த உத்தரவோடு, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு செய்யட்டும். கூட்டத்தையே அள்ளிக்கொண்டு போவது வேறு.

அப்படியானால் விவசாயி என்ன செய்வது, பார்த்துக்கொண்டே இருப்பதா என்று கேட்பார்கள். இல்லை. கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தவறானதைக் கேட்டு மனுக்களை வீணாக்குவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

முதலாவதாக, குரங்கால் வரும் பயிர்ச்சேதத்துக்கு விளைச்சலின் மதிப்பையொட்டிய நிவாரணம் அந்தப் பருவத்திலேயே கைக்கு வர வேண்டும். பொதுச் சொத்தான வன உயிரைக் காக்கும் செலவை ஒரு தனி விவசாயியின் தலையில் கட்டுவது அநீதி. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் காவலுக்கு ஆள் வைக்க ஊராட்சி கூலி தரலாம். குறிப்பிட்ட அந்த நாட்களில் தொடர்ந்து விரட்டினாலே சேதம் பெருமளவு தணியும்.

இரண்டாவதாக, தீனி போடுவது நிற்க வேண்டும். கோயில் வாசலிலும் சாலையோரத்திலும் உணவு கொடுப்பதைத் தடுப்பதும், சந்தை, ஓட்டல், திருமண மண்டபக் கழிவைக் குரங்கு திறக்க முடியாத மூடிபோட்ட தொட்டியில் சேர்ப்பதும் ஊராட்சியும் பேரூராட்சியும் உடனே செய்யக்கூடிய வேலை. இதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, மரம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியது. மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. அந்த இலக்கில் என்ன மரம் என்பதை நாம் கேட்க வேண்டும். அகலப்படுத்திய சாலைகளின் ஓரத்திலும், ஏரிக்கரையிலும், தென்பெண்ணையின் புறம்போக்கிலும், காப்புக்காட்டு விளிம்பிலும் ஆல், அரசு, அத்தி, இச்சி, நாவல், புளி வேண்டும். ஆலும் அரசும் கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே பிடித்துக்கொள்ளும். நம் தாத்தன்மார் சாலைகளை அப்படித்தான் உண்டாக்கினார்கள். பயிரை ஒட்டி இல்லாமல், பயிரிலிருந்து விலக்கித் தொடர்ச்சியாக நடுவதுதான் சூட்சுமம். தைலமரத்தையும் உண்ணிச்செடியையும் எடுக்கும் காப்புக்காட்டில் உள்நாட்டு மரங்களைக் கலந்து வைக்கச் சொல்லி வனத்துறையிடம் மனு கொடுப்போம். சாலைப் பணிக்கு வெட்டும் ஒவ்வொரு பழமரத்துக்கும் ஈடாக அதே சாலையில் பழமரமே நட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்போம்.

இவை பலன் தர ஆண்டுகள் ஆகும் என்பது உண்மை. ஆனால் கூண்டும் வண்டியும் தில்லிக்கு இத்தனை ஆண்டுகளில் தராத பலனை நமக்கு மட்டும் ஒரே மாதத்தில் தந்துவிடுமா? நெருக்கடியை உண்டாக்கிவிட்டு, நெருக்கடியில் இருப்பதையே குற்றவாளியாக்கும் பேச்சை இனிமேலாவது விட வேண்டும். அடுத்த கிராமசபையில் மூங்கில்துறைப்பட்டு மக்களும் சுற்றூர் மக்களும் குரங்கைப் பிடிக்கச் சொல்லும் தீர்மானத்துக்குப் பதிலாக மூன்று தீர்மானங்களை எழுதுங்கள்: சேதத்துக்கு முழு நிவாரணம், தீனிக்குத் தடை, சாலைக்குப் பழமரம். வெள்ளிமலை மக்களும் அந்தத் தீர்மானங்களில் கையெழுத்துப் போடுவார்கள். மலையில் விடச் சொல்லும் மனுவில் அவர்கள் ஒருநாளும் போட மாட்டார்கள்.